பஸ் விழும் சத்தம்

டிரைவர் வீடுகளில் ‘விழுந்தது’ என்ற சொல்லைப் புழங்க மாட்டோம். தட்டு கைநழுவினாலும் ‘எறங்கிருச்சு’ என்போம். கொடைக்கானலுக்கும் வத்தலக்குண்டுக்கும் இடையே நாள்தோறும் பஸ் ஓட்டும் மனிதரைக் கட்டிக்கொண்டு வந்த முதல் வாரமே, பக்கத்து வீட்டுக் கண்டக்டரின் மனைவி இதை எனக்குச் சொல்லிவிட்டார். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற நான் இதையெல்லாம் நம்பக் கூடாது. ஆனாலும் நம்பினேன். நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. சாயங்காலம் மேகம் இறங்கிவிட்டால் அடுப்பில் உலை கொதிப்பதுகூட எனக்குத் தெரியாது. காது முழுக்க மேட்டு ரோட்டில் கேட்க வேண்டிய அவருடைய பஸ்ஸின் ஹாரனில்தான் இருக்கும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று அவர் கேலி செய்வார்.

எனக்கு மிஷன் பள்ளி ஒன்றின் ஆபீஸில் டைப்பிஸ்ட் வேலை. எண்பதுகளின் நடுவில் பள்ளிக்குக் கம்ப்யூட்டர்கள் வந்தன. வேகமாக டைப் அடிக்கிறவள் என்பதால் ஆசிரியர்களோடு என்னையும் வகுப்பில் உட்கார வைத்தார்கள். அவர்களில் பாதிப் பேர் கொட்டாவி விட்டார்கள். எனக்கோ பைத்தியம் பிடித்துவிட்டது.

வெள்ளைக்காரக் குடும்பங்கள் ஊருக்குத் திரும்பும்போது வீட்டுச் சாமான்களை வராந்தாவில் பரப்பி விற்பது கொடைக்கானலில் வழக்கம். கம்பளி, கேக் தட்டு, பியானோ என்று ஊரே போய் அள்ளிக்கொண்டு வரும். இங்கிலாந்துக்குத் திரும்பிய ஒரு தம்பதியின் வராந்தாவில் எல்லாரும் பிரஷர் குக்கருக்கு முட்டி மோதிக்கொண்டிருக்க, ஓரத்தில் சீண்டுவாரற்றுக் கிடந்த வீட்டுக் கம்ப்யூட்டரை நான் வாங்கினேன். பார்வைக்கு வெறும் கீபோர்டுதான். டிவியில் மாட்டினால் படம் வரும். எழுதிய புரோகிராமை டேப் ரெக்கார்டரில் கேசட்டாகப் பதிந்துகொள்ள வேண்டும். பேப்பர் சொருக இடமில்லாத டைப்ரைட்டரைக் காசு கொடுத்து வாங்கிய ஒரே ஆள் நான்தான் என்று அவர் சிரித்தார்.

அந்த நாளில் எங்கள் டிவியில் தெரிந்தது இலங்கை ஒளிபரப்பு மட்டும்தான். மழை பெய்தால் அதுவும் தெரியாது. அந்த டிவியில் நானே ஒரு விளையாட்டுச் செய்தேன். எனக்குத் தெரிந்த உலகம் ஒன்றே ஒன்று. அதனால் அது மலைப்பாதையில் ஏறும் பஸ் ஆனது. பெண்டு என்று அவர் சொல்லும் ஒவ்வொரு வளைவும் எப்படித் திரும்பும், எங்கே ஹாரன் அடித்துக் காது கொடுக்க வேண்டும், ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி எங்கே ஒதுங்கும் என்றெல்லாம் சாப்பிடும்போது அவரிடம் கேட்டுக்கொள்வேன். கட்டம் போட்ட தாளில் பாதையை வரைந்து எண்களாக்கினேன். திரையில் சாம்பல் நிற ரோடு, மஞ்சள் பெட்டியாக ஒரு பஸ், மேலிருந்து இறங்கும் வெள்ளை மேகம். பெண்டுக்கு முன்னால் ஹாரன் அடிக்க வேண்டும். பதில் ஹாரன் கேட்டால் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் பஸ் பள்ளத்தில் விழும்.

அதற்கென்று ஒரு சத்தம் செய்தேன். மேலே கீச்சென்று தொடங்கி, இறங்கி இறங்கி, கடைசியில் ‘தொம்’ என்று அடங்கும். ஒரு வாரம் அதோடு மல்லுக்கட்டினேன். சரியாக வந்த அன்று என் முதுகில் நானே தட்டிக்கொள்ளாத குறை. வாயால் சொல்லப் பயந்த சொல்லை ஒரு மெஷினுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன் என்று அப்போது உறைக்கவில்லை. வெள்ளனே எழுந்து போகிறவர் என்பதால் சாப்பிட்டதும் அவர் தூங்கிவிடுவார். அந்த ஆட்டத்தை அவர் பார்த்ததே இல்லை.

ஏரிப் பக்கம் ஒரு லாட்ஜின் மானேஜர் ஆட்டத்தை வைக்கத் தன் வரவேற்பறையில் ஒரு மூலை கொடுத்தார். வருவதில் பாதி அவருக்கு. மழையில் ரூமுக்குள் அடைபட்ட டூரிஸ்ட் பிள்ளைகள் ஆட்டத்துக்கு ஒரு நாணயம் கொடுத்து விளையாடினார்கள். ஞாயிற்றுக்கிழமையும் விடுமுறை நாட்களும்தான் என் கடை. ஏரியில் படகு விடும் ஆட்டம் ஒன்று, பிறகு மதுரைக்கும் மெட்ராஸுக்கும் கேசட் அனுப்புவது என்று மனக்கோட்டை கட்டிக்கொண்டே, பயமும் பட்டேன். கரண்ட் போனால் பதியாதது எல்லாம் போய்விடும். ஈரத்தில் கேசட் பூஞ்சை பிடிக்கும். அதனால் என் கம்பெனியின் மொத்தச் சொத்தையும் அரிசி டின்னுக்குள் புதைத்து வைத்திருந்தேன்.

பிள்ளைகளுக்கு எல்லாவற்றையும்விட அந்தச் சத்தம்தான் பிடித்தது. நன்றாக ஓட்டத் தெரிந்தவர்கள்கூட அதைக் கேட்பதற்காக வேண்டுமென்றே பஸ்ஸைத் தள்ளிவிட்டுக் கைதட்டினார்கள். யாவாரம் என்றால் அப்படித்தான் என்று சொல்லிக்கொண்டேன்.

ஆயுத பூஜை விடுமுறையில் விடாத மழை. வரவேற்பறையில் கூட்டம் நெரிந்தது. அவருடைய பஸ் மேலே வந்து சேர வேண்டிய நேரம் தாண்டியிருந்தது. அப்போது மானேஜர் போனை வைத்துவிட்டு என் பக்கம் வந்தார்.

“பெருமாள்மலைக்குக் கீழ மண்ணு சரிஞ்சு கெடக்காம். ஒரு வண்டி பள்ளத்துல போயிருச்சுங்கிறாங்க. பஸ்ஸா லாரியான்னு தெரியலயாம்.”

சொல்லி முடித்த பிறகுதான் நான் யார் மனைவி என்பது அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதே நேரம் என் பின்னால் கீச்சென்று தொடங்கி, இறங்கி இறங்கி, ‘தொம்’ என்றது. பிள்ளைகள் கைதட்டினார்கள். அடுத்த பிள்ளை உட்கார்ந்தது. மறுபடியும் தொம்.

போதும், நிறுத்துங்கள் என்றேன். இப்போதுதானே காசு கொடுத்தோம் என்றார் ஒரு தகப்பனார். ஒவ்வொரு முறை அந்தச் சத்தம் வந்தபோதும் அவருடைய பஸ்தான் போகிறது, நான்தான் தள்ளுகிறேன் என்று நம்பினேன். அதைப் பைத்தியக்காரத்தனம் என்று இன்று யாரும் சொல்லலாம். அன்று எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிளக்கைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அவர்கள் திட்டத் திட்ட மழையில் ஓடினேன்.

பஸ் ஸ்டாண்டில் கண்டக்டரின் மனைவி எனக்கு முன்பே வந்து நின்றார். இன்னும் வரலை என்றார். மேகம் கடைத்தெருவை மூடிவிட்டது. எத்தனையோ ஹாரன் கேட்டது, எதுவும் அவருடையதாக இல்லை. செய்யாத வேண்டுதல் இல்லை. மலையடிவாரத்தில் அவர் சூடம் கொளுத்துகிற சாமியையும் விடவில்லை.

இருட்டும் நேரத்தில் ஒரு ஜீப் வந்து நின்றது. பின்னாலிருந்து அவர் இறங்கினார், யாருடைய குழந்தையையோ தோளில் போட்டுக்கொண்டு. அவரும் கண்டக்டரும் பஸ்ஸைக் கீழேயே நிறுத்திவிட்டு, பயணிகளோடு மண்சரிவை நடந்தே கடந்து வந்திருக்கிறார்கள். பள்ளத்தில் இறங்கியது காரட் ஏற்றிக்கொண்டு போன லாரி. ஓட்டியவர் குதித்துக் கால் ஒடிந்து பிழைத்தார்.

“பெண்டுல ஆரன் அடிச்சேன். மேல ஏதோ சத்தம், சரியாப் படல. நிப்பாட்டிட்டேன்” என்றார், காபி குடித்ததைச் சொல்வதுபோல. நான் நடுரோடு என்றும் பாராமல் அவர் சட்டையைப் பிடித்து அழுதேன்.

பாதை சரியாகும்வரை அவருக்கு ஓட்டமில்லை. அந்த ஞாயிறு, உன் பஸ்ஸைப் பார்க்கணும் என்று லாட்ஜுக்கு வந்துவிட்டார். பிள்ளைகள் எழுந்து இடம் கொடுத்தார்கள். நிஜ டிரைவர் ஓட்டப்போகிறார் என்று ஒரே ஆரவாரம். அவர் ஒவ்வொரு பெண்டிலும் நின்றார். ஹாரன் அடித்துக் காது கொடுத்தார். பிறகே நகர்ந்தார். பிள்ளைகளுக்குப் பொறுமை போய்விட்டது. ஒரு பிள்ளை எட்டி, கீபோர்டில் பஸ்ஸை நகர்த்தும் கட்டையை அழுத்தியது. கீச்சென்று தொடங்கி, இறங்கி இறங்கி, தொம்.

எல்லாரும் சிரித்தார்கள். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதுல எத்தன பேரு இருந்தாங்க?”

“யாரும் இல்லீங்க. அது வெறும் பெட்டி.”

“டிரைவரு இருப்பாருல்ல” என்றார். கோபமே இல்லை. எழுந்து, வரிசையில் அடுத்து நின்ற பிள்ளைக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு வெளியே போனார்.

அன்றைக்கே ஆட்டத்தை மாற்றினேன். தப்பாக ஓட்டினால் பஸ் மேகத்துக்குள் நின்றுவிடும், பயணிகள் இறங்கி நடப்பார்கள். புள்ளி புள்ளியாக அத்தனை பேரையும் வரைந்தேன், முன்னால் நடக்கும் டிரைவரையும். பிள்ளைகள் சப்பென்று இருக்கிறது என்று எழுந்து போனார்கள். பழைய சத்தத்தைத் திரும்பப் போடும்மா என்று மானேஜர் கெஞ்சினார். முடியாது என்று மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். என் கம்பெனி அதோடு சரி.

பழைய கேசட்டின் மேல் சர்ச் பாட்டைப் பதிந்து அழித்தேன். அதற்குப் பிறகும் அவர் பல வருஷம் அதே பாதையில் ஓட்டினார். மேகம் இறங்கி, பஸ் தாமதமான ஒவ்வொரு சாயங்காலமும், ஹாரன் கேட்பதற்கு முன்னால் எனக்கு அந்தச் சத்தம்தான் கேட்கும், நான் செய்த மாதிரியே, ஒரு சுரம் பிசகாமல்.