அறுபத்திரெண்டுக்கு எடுத்து வச்ச துணி

எங்க வீட்டாளு மீரா முகைதீனுக்கு எப்ப மவுத்துன்னு அவுகளே கணக்குப் போட்டு வச்சிருந்தாக. அறுபத்திரெண்டு வயசுல! அவுக வாப்பா அறுபத்திரெண்டுல போனாக, மூத்த அண்ணனும் அறுபத்திரெண்டு, அடுத்த அண்ணன் அறுபத்தொண்ணு. "எங்க வீட்டு ஆம்பளைகளுக்கு ஆயுசு, ஹயாத்து அவ்வளவுதாம்ளா ஆபிதா"ம்பாக.

துபாய்ல இருந்து ஒரேயடியா மேலப்பாளையத்துக்கு வந்து இறங்கும்போது வயசு அறுபத்தொண்ணு. பெட்டியைத் திறந்தா மேலாக்க என்ன இருக்கு? கபன் துணி! மய்யித்தைக் குழியில அடக்கும்போது சுத்துத துணியை மக்காவுல எடுத்து, ஜம்ஜம் தண்ணியில நனைச்சுக் காயப்போட்டுக் கொண்டாந்திருக்காக. எனக்கு ஒரு சேலை இல்லை. அதைப் பீரோ மேல்தட்டுல வச்சு, வெள்ளிக்கிழமைதோறும் எடுத்து அத்தர் தடவுவாக. முட்டுவலிக்கு டாக்டரைப் பாருங்கன்னா, "ஒரு வருசத்துக்கு என்னத்துக்கு வைத்தியம்?" சர்க்கரைக்கு மாத்திரை போடுங்கன்னா, "விடுளா." அல்வாவை மட்டும் விடமாட்டாக.

எனக்கு வயித்தெரிச்சல் எதுலன்னு கேளுங்க. கல்யாணமாகி நாப்பதாம் நாள் விமானம் ஏறுன மனுசன். ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா ரெண்டு மாச லீவு. முப்பத்திரண்டு வருசத்துல நாங்க சேர்ந்து இருந்த நாளையெல்லாம் கூட்டிப் பார்த்தேன், மூணு வருசம்கூட நிறையலை. இப்ப வந்து, இந்தா போயிருவேன்னு உக்காந்தா விட்டுருவேனா நான்?

பாளையங்கோட்டையில இருந்து வருத இன்சூரன்ஸ் ஏஜென்ட் கைலாசம் அண்ணாச்சியைப் பிடிச்சேன். "அண்ணாச்சி, இவுகளுக்கு எத்தனை வயசு வரைக்கும்னு உங்க கணக்குல பார்த்துச் சொல்லுங்க."

அவுக சிரிச்சுட்டாக. "முகைதீன் பாய், பொறந்த பிள்ளைக்குச் சொல்லுத சராசரி வேற. அதுல சின்னதுலயே போனவங்களும் சேர்த்தி. அறுபதைத் தாண்டுன ஆளுக்குச் சராசரியா இன்னும் பதினாறு, பதினேழு வருசம் கெடக்குவே. உம்ம வாப்பா பீடி குடிச்சாகளா?"

"ஒரு நாளைக்கு ரெண்டு கட்டு."

"அண்ணன்மாரு?"

"சிகரெட்டு."

"நீரு?"

"தொட்டதே இல்லை."

"அப்புறம் அவுக வயசை நீரு ஏன்வே சுமக்கீரு?"

"ஹயாத்து அல்லா கையில"ன்னு இவுக எந்திரிச்சுப் போயிட்டாக. "ஹயாத்து அல்லா கையில, மாத்திரை உங்க கையில!"ன்னு பின்னாலயே கத்தினேன். கேட்டாத்தானே.

அந்த மாசமே அடுத்த வீட்டுத் தையல்காரர் அலி அஸ்கர் மவுத்தானாக. எண்பத்தி நாலு வயசு. முந்தின நாள்வரை அஞ்சு வேளையும் பள்ளிவாசலுக்கு நடந்தே போன மனுசர். மக்காவைப் பார்க்கணும்ங்கிற ஆசைதான் நிறைவேறலை. அவுக மகன் யாசர் கபன் துணி எடுக்கக் கடைக்குக் கிளம்புதான். இவுக "நில்லுலே"ன்னாக. வீட்டுக்குள்ள போய்ப் பீரோவைத் திறந்து, அந்தத் துணியை அப்படியே எடுத்து யாசர் கையில குடுத்துட்டாக.

"வாப்பா மக்காவுக்குப் போகாட்டி என்னலே, மக்காத் துணி வாப்பாவைத் தேடி வந்துருச்சு."

யாசர் அழுதான். நானும் அழுதேன்.

அடக்கம் முடிஞ்சு வந்து, பீரோவுல வெறும் தட்டைப் பார்த்துட்டு நிக்காக. "எண்பத்தி நாலு வயசுக்காரர் துணி எடுத்து வைக்கலை. நான் வச்சிருந்தேன் பாரு"ன்னாக. மய்யித்து விழுந்த வீட்டுக்குப் பக்கத்துல இருந்துக்கிட்டுச் சந்தோசப்படக் கூடாது, அல்லா மன்னிக்கணும், எனக்கு உள்ளுக்குள்ள குதிக்குது!

"இனிமே மக்காவுக்குப் போய்த்தான் வேற துணி எடுக்கணும். இந்தத் தடவை நானும் வருவேன். கஃபாவை ஏழு சுத்து நடக்கணும். சக்கர நாற்காலியில உக்காந்தீங்கன்னா நான் தள்ள மாட்டேன், சொல்லிட்டேன்"ன்னேன்.

மறுநாள் விடியக்காலையில சுபுஹு தொழுதுட்டு வந்து, செருப்பைக்கூடக் கழட்டாம வாசல்ல நின்னு "வாளா, நடப்போம்"ன்னாக! கருப்பந்துறை ஆத்துப் பாலத்துக்குக் கிளம்புனோம். பாதி வழியிலேயே இவுக முட்டியைப் பிடிச்சிட்டு உக்காந்தாச்சு. நான் விடலையே! டாக்டர் சொல்லிக் குடுத்த முட்டுப் பயிற்சி, வேளைக்கு மாத்திரை, சோறு பாதி, மீதிக்குக் கீரையும் பயறும். பைய பைய பாலத்தைத் தொட்டோம், அப்புறம் தாண்டினோம். மூணு மாசச் சராசரி பார்க்குத சர்க்கரை டெஸ்ட்டு பத்துல இருந்து ஏழுக்கு இறங்குச்சு. பாலத்துல நின்னு ஆத்தைப் பார்த்துக்கிட்டே கதை கதையாப் பேசுவாக. முப்பத்திரண்டு வருசக் கதை! இவுக இவ்வளவு பேசுவாகன்னே எனக்கு அப்பத்தான் தெரியும்.

அறுபத்திரெண்டு முடிஞ்ச பதினோராம் நாள் மக்காவுல இருந்தோம். ஏழு சுத்து, ஒருத்தர் தோளையும் பிடிக்காம! எனக்குத்தான் மூச்சு வாங்குச்சு.

ஊருக்குத் திரும்புததுக்கு முந்தின நாள் கடைத்தெருவுல நடக்கோம். கபன் துணிக் கடை முன்னால இவுக நின்னுட்டாக. ஒரு துணியை எடுத்துத் தடவிப் பார்த்தாக. மடிச்சாக. எடுத்த இடத்துலயே வச்சாக.

"அடுத்த தடவை வரும்போது எடுத்துக்கிடலாம்ளா. இப்ப வா, ஒனக்கு ஒரு நல்ல செருப்பு வாங்குவோம். ஊர்ல போய்ப் பாலம் வரைக்கும் நடக்கணும்லா?"