சுற்றிப் போகச் சொன்ன அண்ணி

நம்பாதவர்களோடு நான் வாதிடுவதில்லை. அமாமித் தீவில், எங்கள் கரும்புக்காட்டில், என் கண்ணெதிரே நடந்தது இது.

எங்கள் தீவின் விரியனுக்கு ஹாபு என்று பெயர். அப்பெயரைச் சொன்னால் வந்துவிடும் என்று ‘நீளமானது’ என்போம். கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே அதற்கொரு குழி உண்டு. அதைக் கொண்டு உடற்சூட்டை அறிந்து கடிக்கும். பாதையின் ஒவ்வொரு திருப்பத்திலும் பாம்படிக்க ஒரு பொதுத்தடி சாத்தியிருக்கும். எவரேனும் ‘நீளமானது’ என்றால், ஏன் என்று கேளாமல் திரும்பிவிடுவோம்.

அன்று ஆலைக்குக் கரும்பு அனுப்ப எங்கள் முறை. அண்ணி சுமி வயலுக்கு வரவில்லை. “சோம்பேறி, படுத்துக் கெடக்கா,” என்று அண்ணன் தொமியோ காலையிலிருந்தே ஏசிக்கொண்டிருந்தான். கடைசிச் சுமையோடு லாரி போயிற்று. மாலை நாலரை இருக்கும். தோகையை இழுத்த அண்ணனின் கழுத்தில் ஹாபு கடித்தது.

“ஓடுடா யோஷிமி. வண்டி கொண்டா.”

ஓடினேன்.

முதல் திருப்பத்தில் அண்ணி நின்றிருந்தாள். கையில் தடி. காலில் செருப்பில்லை.

“நீளமானது கெடக்கு. சுத்திப் போ.”

“அண்ணனக் கடிச்சிருச்சு அண்ணி.”

“தெரியும்.”

வேறு வழியில் ஓடினேன். அடுத்த திருப்பத்திலும் அவளே... எனக்கு முன்னால் எப்படி வந்தாள்?

“இங்கயும் கெடக்கு, தம்பி.”

எனக்கு மூச்சிரைத்தது. அவளுக்கு மூச்சே இல்லாததுபோல் இருந்தது.

மூன்றாவது திருப்பத்தில்தான் பாம்பைக் கண்டேன். அவள் வெறுங்காலின்மீதே சுருண்டிருந்தது. கல்லின்மேல் கிடப்பதுபோல்.

சர்ர்...

தலை எழுந்தது. அவளை விட்டு, மெல்ல... என் பக்கம் திரும்பியது.

“அண்ணி... கால்...”

“சுத்திப் போன்னு சொல்றேன்ல.”

வண்டியோடு திரும்பியபோது இருட்டிவிட்டது. அண்ணன் உடல் விறைத்திருந்தது.

அண்ணியிடம் சொல்ல வீட்டுக்குப் போனோம். சமையலறைத் தரையில் கிடந்தாள். வலக்கை தோள்வரை வீங்கிக் கறுத்திருந்தது. உச்சிப்பொழுதுக்கு முன்பே உயிர் போயிருக்கிறது என்றார் மருத்துவர்.

ஈமச்சடங்கு முடிந்தபின் லாரி ஓட்டும் கெய்சோ என்னைத் தனியே அழைத்தான்.

“விடியக்காலையிலேயே அந்தம்மாவுக்குக் கடிபட்டுருச்சுடா. விறகெடுக்கப் போன எடத்துல. லாரில கொண்டுபோறேன்னு நான் சொன்னேன். உங்கண்ணன்தான் சாவியைப் பிடுங்கிக்கிட்டாரு. ‘கரும்பு காஞ்சிரும். அவ கெடப்பா’ன்னாரு.”