தெருவுக்கு நடுவே வந்த வார்டு

எங்கள் தெருவை நடுவில் வகிர்ந்துவிட்டார்கள். அறுபத்தொன்றில் ஜனக்கணக்கு என்று தலை எண்ணிக்கொண்டு போனவர்கள், பஞ்சாயத்துத் தேர்தல் வருகிறது என்றதும் வார்டுகளைத் திருத்தினார்கள். தென்காசியில் எத்தனையோ தெரு இருக்க, அவர்களுக்கு எல்லையாகக் கிடைத்தது எங்கள் தெருதான். வடக்கு வரிசை ஒரு வார்டு, தெற்கு வரிசை இன்னொன்று. நான் பிறந்தது தெற்கு வரிசையில். வாக்கப்பட்டது நேர் எதிரே, வடக்கு வரிசையில்.

என் வீட்டுக்காரர் தேர்தலில் நிற்பதற்காகத் தெருவெல்லாம் கும்பிட்டுத் திரிந்தவர். தெற்கு வரிசை ஓட்டெல்லாம் கைவிட்டுப் போனதும் அவருக்குப் பித்துப் பிடித்துவிட்டது. என் அண்ணன்தான் ஆபீஸ்காரர்களைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போய், எண்ணெய் தேய்த்துக் குளிக்கவைத்து, கறிச்சோறு போட்டு, தெருவைப் பிரிக்கவைத்தான் என்று எவனோ இவர் காதில் ஓதிவிட்டான். அண்ணன் அப்படிச் செய்தானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. செய்திருந்தால்தான் என்ன?

இவரும் கூட்டாளிகளும் நடுத்தெருவில் சுண்ணாம்பால் கோடு போட்டார்கள். சாரல் அழிக்கும், விடிந்ததும் மறுபடி போடுவார்கள். கோட்டைத் தாண்டிய தெற்கு வரிசைக்காரன் ஒருவனின் மண்டையை உடைத்தார்கள். மறுநாள் எங்கள் வைக்கோல் படப்பு எரிந்தது.

எனக்கு நிறைமாதம், தலைப்பிரசவம். ஏழாம் மாதமே தாய்வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவள். இவர் விடவில்லை. "எம் புள்ள இந்த வார்டுலதான் பொறக்கும்" என்றார். கேட்டீர்களா கூத்தை! அம்மா எதிர்வாசலில் நின்று என்னைப் பார்த்து அழுவாள்.

ஒரு மத்தியானம் வலி கண்டது. நான் போட்ட கூச்சல் கேட்டு அண்ணன் வந்தான், வெறுங்கையோடு.

"தங்கச்சியக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன் மாப்ளே. சண்டைக்கு வரல."

"கோட்டத் தாண்டுனா காலத் தறிச்சிருவேம்லே!"

வாய் நிறைய மச்சான் என்று கூப்பிட்ட மனுஷன், மரியாதையில்லாமல் லே போட்டார். அண்ணன் தாண்டினான். இவர் கையிலிருந்த கம்பு அவன் முகத்தில் இறங்கியது. இடது கண்ணைப் பொத்திக்கொண்டு விழுந்தான், விரலிடுக்கெல்லாம் ரத்தம். இவர் மறுபடி ஓங்கினார்.

நான் எப்படிப் படி இறங்கினேனோ! ஓங்கின கையைப் பிடித்துக் கடித்தேன். சதை பிய்ந்து என் வாயெல்லாம் ரத்தம். கம்பு கீழே விழுந்தது. எனக்கு இடுப்பு கழன்றுபோக, கோட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"இங்கனயே பெத்துப் போடுதேன். எந்த வார்டுன்னு எல்லாருமாச் சேந்து முடிவு பண்ணுங்கலே!"

இரண்டு வரிசைப் பெண்களும் ஓடிவந்து என்னைத் தூக்கினார்கள். அம்மா வீட்டில் கொண்டுபோய்க் கிடத்தினார்கள்.

பெண் குழந்தை. தீட்டுக் கழிந்த அன்று இவர் வந்து வாசலில் நின்றார், கையில் கட்டோடு. அண்ணன் எழுந்து போனான். அவனுடைய இடது கண் அவிந்து போயிருந்தது.

"உள்ள வாங்க மாப்ளே. ஒங்களுக்குத்தான் ரெண்டு கண்ணும் இருக்கே, புள்ளைய நல்லாப் பாத்துக்கிடுங்க."

நான் குழந்தையை முந்தானையால் மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டேன்.