காய்ந்த கொப்பும் அறுந்த டேப்பும்

சாலையோர மரத்தை அடியோடு வெட்டுமுன், மார்பளவு உயரத்தில் அதன் சுற்றளவை அலுவலக டேப்பால் அளந்து பதிய வேண்டும் என்பது விதி. கிளை கழிப்பதற்கு அளவு தேவையில்லை. என் காலத்திலும் விதி இருந்தது. டேப்தான் இல்லை.

செம்பட்டி சாலையில் இருந்த பராமரிப்புப் பிரிவு அலுவலகத்தில் நான் கண்காணிப்பாளர். வாசல் வேம்பின் நிழலில் பேச்சியம்மாள் கம்மங்கூழ் விற்றார். நிழல் போனால் அவர் கடையும் போகும்.

"சார், ஒரு கொப்பு காஞ்சுபோயி பானைக்கு நேரா தொங்குது. அதை மட்டும் கழிச்சு விடுங்க" என்றார்.

எஸ்டிமேட் ஆங்கிலத்தில்தான் போகும். கிளையைக் கழிப்பது 'கட் பேக்'. மரத்தையே சாய்ப்பது 'கட் டவுன்'. உதவியாளர் முருகேசனிடம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டு, பேரன் காதுகுத்துக்காகப் பத்து நாள் விடுப்பில் போனேன்.

எங்கள் அலுவலகத்தில் யாரும் எதையும் புதிதாக எழுதுவதில்லை. பழைய கோப்பை எடுத்து ஊர்ப்பெயரை மட்டும் மாற்றுவோம். முருகேசன் எடுத்தது, குஜிலியம்பாறையில் பட்டுப்போன புளியமரத்தின் கோப்பு. அதில் 'கட் டவுன்'. மேலிடமும் வழக்கம்போலப் படிக்காமல் ஒப்புதல் தந்துவிட்டது.

நான் திரும்பியபோது வாசலில் ஒப்பந்தக்காரரும் ரம்பத்தோடு அவர் ஆட்களும். பேச்சியம்மாள் மரத்தைக் கட்டிப்பிடித்து நின்றார்.

"ஏலே முருகேசா, இதுக்குத்தான் உனக்குத் தெனமும் மோர்மிளகாயோட கூழ் ஊத்துனேனா?"

"நான் என்னக்கா செய்ய? போன ஃபைல்ல அப்படித்தான் இருந்துச்சு."

ஆணையைத் திருத்த மேலிடத்துக்கு எழுதலாம். ரம்பம் அதுவரை காத்திருக்காது. ஒப்பந்தக்காரரிடம் சொன்னேன்: "தாராளமா வெட்டுங்க. மொதல்ல சுற்றளவு எடுத்துருவோம். முருகேசா, டேப் எங்க?"

"அது அறுந்துபோச்சே சார். அதுலதான சன்னலை இழுத்துக் கட்டிருக்கோம்."

"என்கிட்ட டேப் இருக்கு சார்" என்றார் ஒப்பந்தக்காரர்.

"இருக்கட்டும். அலுவலக டேப்பான்னு தணிக்கையில கேப்பாங்களே? புது டேப்புக்கு இப்பவே எழுதுறேன். பதில் வந்ததும் வெட்டிக்கலாம்."

"செத்த நேரத்துல வந்துருமா?"

"கூழ் குடிங்க, வந்துரும்."

ஆட்கள் ஆளுக்கு இரண்டு சொம்பு குடித்தார்கள். வந்ததற்குக் காய்ந்த கொப்பை மட்டும் கழித்துவிட்டுப் போனார்கள்.

இளையவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: வெட்டச் சொல்லி எழுதுமுன், வெட்டப்போவது எது என்று ஒருமுறை எழுந்துபோய்ப் பாருங்கள். எழுதித் தொலைத்துவிட்டால், உடனே ஒரு டேப் கேளுங்கள்.

மேலிடத்தின் பதில் மூன்று கோடை கழித்து வந்தது: "கையிருப்பில் இல்லை. பழைய டேப்பைத் திருப்பி அனுப்பவும்." அது வந்து சேர்ந்த நாள் மே முப்பத்தொன்று. அன்று அதே வேம்பின் நிழலில் எனக்குப் பணிநிறைவு விழா நடந்துகொண்டிருந்தது.