ரதி அளந்த வெயில்

ராசா என்கிற ஊரில் பூக்கடை வைத்திருப்பதால் எனக்கு ஊர்ப்பட்ட மனிதர்களைத் தெரியும். சாமிக்கு வாங்கும் மாலையையே மூக்கைச் சுளித்துக்கொண்டு புரட்டிப் பார்க்கிறவர்கள், கல்யாணத்துக்கு மாலை சொல்லிவிட்டு வராமல் போகிறவர்கள், எல்லாரையும் பார்த்தாயிற்று. அதில் நான் மனதார மதிக்கிற ஆட்கள் மிகக் குறைவு. என் தோழி ரதி அவர்களில் ஒருத்தி. அவளைப் பற்றி எழுதும்படி யாரும் என்னைக் கேட்கவில்லை. யாரும் கேட்கப் போவதில்லை என்று தெரிந்ததால் நானே எழுதுகிறேன்.

ரதிக்கு வீடு லிங்கி பக்கம், எண்ணெய்க்காக வளர்க்கிற ஒரு செம்பனைத் தோட்டத்தில். அவளுடைய அம்மா பஞ்சாலை அத்தை இன்னும் அங்கே உதிரிப்பழம் பொறுக்கும் வேலைக்குப் போகிறார். ரதிக்கு வேலை போர்ட்டிக்சனில், ஒரு கடல் ஆய்வு நிலையத்தில். கருவிகளைப் பழுது பார்ப்பது, கடலில் கொண்டுபோய் மாட்டுவது, அவை அனுப்பும் அளவுகளைச் சரிபார்ப்பது எல்லாம் அவள் பொறுப்பு. தினமும் மோட்டார் சைக்கிளில் போய் வருவாள். தோட்டத்து ஆட்களுக்கு அவள் என்ன செய்கிறாள் என்று இன்றுவரை விளங்கியதில்லை. வானிலை அறிக்கைக்காரி என்று அவர்களாகவே முடிவு கட்டிவிட்டார்கள். தோட்டத்து ஆட்களை வேலை வாங்குகிற மண்டோர் தர்மராஜ் அவள் மோட்டாரை மறித்து, "நாளைக்கு மழ வருமா வராதா, சொல்லு லா" என்று கேட்காத நாள் அபூர்வம்.

நானும் ஒருநாள் கேட்டேன். "நெசமாவே அங்க என்னாதான்டி செய்யுற?"

"வேர்த்த ஒடம்புல காத்து பட்டா சில்லுனு இருக்குல்ல? கடலும் அப்படித்தான். காத்து அடிக்க அடிக்க, தண்ணிய ஆவியா விட்டுச் சூட்ட எறக்கிக்கும். வெயில்ல எவ்ளோ சூடு வாங்குச்சு, காத்துல எவ்ளோ விட்டுச்சுன்னு அளக்குறதுதான் எங்க வேல."

"அளந்து?"

"மிச்சம் இருக்குற சூடு எங்க போவுதுன்னு பாப்போம். நம்ம போர்ட்டிக்சன் தண்ணி அப்படியே மெல்ல வடக்க நகந்து அந்தமான் பக்கம் போவும். அதுக்கு அந்தாண்ட இந்தியப் பெருங்கடல். அங்க கடலு சூடா கெடக்கா ஆறிக் கெடக்கான்றத வச்சுதான் நமக்கு மழையும் வறட்சியும் மாறுது."

மண்டோர் கேட்பதில் தப்பில்லை என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. ஆனால் நாளைய மழையைத்தான் அவளால் சொல்ல முடியாது.

இவ்வளவு பேசுகிறவள், கரை கண்ணுக்கு மறைகிற தூரத்துக்குக் கடலில் போனதே இல்லை. நிலையத்துக்கு ஒரு இரும்புக் கோபுரம் உண்டு. கரையிலிருந்து படகில் போய் ஏற வேண்டும். அதன் மேல் காற்றை அளக்கும் கருவி, ஈரத்தை அளக்கும் கருவி, எல்லாவற்றுக்கும் உச்சியில் வெயிலை அளக்கும் கருவி. எலுமிச்சம்பழத்தைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்தது போல அதற்கு ஒரு கண்ணாடி மூடி. அந்தக் கோபுரத்தில் நின்றாலும் போர்ட்டிக்சன் ஓட்டல்கள் தெரியும். சுற்றிலும் தண்ணீர் தவிர வேறொன்றும் தெரியாத இடத்தில் நின்று ஒருமுறையாவது அளக்க வேண்டும் என்பது ரதியின் ஆசை. அதை அவள் வாயால் சொல்லமாட்டாள். கப்பல் படத்தைப் பார்க்கிறபோது அவள் முகத்திலேயே எழுதி ஒட்டியிருக்கும்.

மழையை மறித்து வறட்சி தரும் எல் நீனோ வந்த அந்த ஆண்டு வெயில் கொளுத்தியது. சுமத்ராவில் காடு எரிந்து இங்கே புகை மூடியது. அக்டோபரில் ஆயுத பூஜை வந்தது. வருடா வருடம் அந்த நேரத்தில்தான் கோபுரத்துக் கருவிகளை இறக்கிச் சுத்தம் செய்வார்கள். சுத்தம் செய்த கையோடு மேசையில் வரிசையாக வைத்துச் சந்தனம், குங்குமம் இட்டுப் பூஜை. மலாய்க்காரர்களும் சீனர்களும்கூடப் பக்கத்தில் நின்று சுண்டல் சாப்பிடுவார்கள். மாலைகள் என் கடையிலிருந்து போகும். ரதி எப்போதும் கருவியின் இரும்பு உடம்பில் மட்டும்தான் பொட்டு வைப்பாள்.

அந்த வருடம் அவள் அம்மாவையும் கூட்டி வந்திருந்தாள். பூஜை பாதியில் இருக்கும்போது, படகில் ஏதோ கோளாறு என்று ரதியைக் கூப்பிட்டுவிட்டார்கள். தட்டைப் பஞ்சாலை அத்தை வாங்கிக்கொண்டு மிச்சப் பொட்டுகளை வைத்து முடித்தார். நான் கட்டிய சின்ன மாலைகள் எனக்கே அழகாகத் தெரிந்ததால், கடையின் முகநூல் பக்கத்தில் போடலாம் என்று படம் எடுத்துக்கொண்டேன். மறுநாள் நிலையத்து ஆட்கள் கருவிகளைக் கோபுரத்தில் ஏற்றி மாட்டினார்கள்.

போய்த் திரும்பிய படகு அதோடு படுத்துவிட்டது. இஞ்சினுக்குச் சாமான் வர வாரக்கணக்கில் ஆயிற்று. யாரும் கோபுரத்துக்குப் போக முடியவில்லை. ஆனாலும் அளவுகள் தொலைபேசி அலை வழியாக நாள் தவறாமல் நிலையத்துக்கு வந்துகொண்டிருந்தன. அதில்தான் ரதி ஒரு விநோதத்தைக் கண்டாள். வானம் தெளிந்து நீலமாகிவிட்டது. ஆனால் கடலுக்கு வரும் வெயில் குறைவாகவே இருந்தது. பிறகு மெல்ல மெல்ல, வாரக்கணக்கில் ஏறி, பழைய நிலைக்கு வந்தது. கடல்நீரின் சூடும் கொஞ்சம் தணிந்திருந்தது.

கண்ணுக்குத் தெரியாத மெல்லிய புகை, வானம் தெளிந்த பிறகும் வெகுநாள் மேலே தங்கி, கடலுக்குப் போகும் வெயிலைத் தடுக்கிறது. இதுதான் ரதி கண்ட முடிவு. நிலையத் தலைவர் டாக்டர் அமிர்தலிங்கம் துள்ளிக் குதிக்காத குறை. இதைப் பலரும் சந்தேகப்பட்டிருக்கிறார்கள், நம் நீரிணையில் இப்படி அளந்து காட்டியது இல்லை என்றார். கிள்ளான் துறைமுகத்திலிருந்து இந்தியப் பெருங்கடலுக்கு ஒரு ஆய்வுக் கப்பல் புறப்பட இருந்தது. இந்தப் புகை விஷயத்தைத் தொடர்ந்து அளப்பதற்காகவே அதில் ரதிக்கு ஒரு இடம் கிடைத்தது.

பஞ்சாலை அத்தை தோட்டம் முழுக்கத் தண்டோரா போட்டார். ரதி வாந்தி மாத்திரையும் நல்ல மழைச்சட்டையும் வாங்கி வைத்துக்கொண்டாள். என் கடைக்கு வந்தால் கப்பல் பேச்சைத் தவிர வேறு பேச்சில்லை. சரி, இத்தனை வருடம் கழித்து வாய் திறந்திருக்கிறாள், பேசட்டும் என்று பூவைக் கட்டிக்கொண்டே கேட்பேன்.

அப்படி வந்திருந்த ஒரு மத்தியானம்தான் என் கைப்பேசியில் பூஜைப் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டென்று ஒரு படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கினாள். முகம் கறுத்துவிட்டது.

"கண்ணாடி மேல பொட்டு இருக்கு. யாருடி வச்சது?"

"அத்தைதான். கண்ணு மாரி பளபளன்னு இருக்கு, யாரு கண்ணாவது பட்டுடப் போவுதுன்னு நடு உச்சில வச்சாங்க. நல்லா கட்டைவெரல் அளவுக்கு. ஏன்?"

அவள் உடனே ரவிச்சந்திரனைக் கைப்பேசியில் கூப்பிட்டாள். கோபுரத்தில் ஏறிக் கருவிகளை மாட்டுகிற ஆள் அவன். அவன் சொன்னது எனக்கும் கேட்டது.

"ஆமாக்கா, பாத்தேன். சாமிக்கு வச்ச பொட்ட நான் எப்படிக்கா அழிக்கிறது?"

அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் கடை வேனில் வைத்த பொட்டை அடுத்த பூஜை வரைக்கும் நானும்தான் துடைப்பதில்லை.

ரதி பிறகு நிதானமாக விளக்கினாள். உச்சியில் இருந்த சந்தனம் உச்சி வெயிலை மறைத்திருக்கிறது. அளவு குறைந்திருக்கிறது. வந்த மழை கொஞ்சம் கொஞ்சமாக அதைக் கழுவக் கழுவ, அளவு மெல்ல ஏறியிருக்கிறது. அதைத்தான் அவள் புகை கலைவதாக நினைத்தாள். படகு சரியாகி அவள் கோபுரம் ஏறியபோது கண்ணாடி பளிச்சென்று இருந்தது.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

"இங்க பாரு, படம் என்கிட்ட மட்டும்தான் இருக்கு. அழிச்சுடறேன். ரவிச்சந்திரன் வாயத் தொறக்க மாட்டான். பொகையும் இருந்துச்சுதான? தண்ணியும் ஆறியிருந்துச்சுன்னு நீயே சொன்ன. பேசாம கப்பல்ல ஏறிப் போ."

அவள் கைப்பேசியை என் கையில் திருப்பிக் கொடுத்தாள். போகத்தான் போகிறாள் என்று நான் நினைத்தேன். போக வேண்டும் என்று வேண்டிக்கொண்டும் இருந்தேன்.

"பொக இருந்துருக்கும்டி. ஆனா எவ்ளோ பொக, எவ்ளோ பொட்டுன்னு என்னால பிரிக்க முடியாது. நான் சொன்னத நம்பி நாளைக்கு எவனாவது மழைக்குக் கணக்குப் போடுவான்" என்றாள். "படத்த எனக்கு அனுப்பு."

அனுப்பினேன். அவளைத் திட்டிக்கொண்டேதான் அனுப்பினேன்.

நிலையக் கூட்டத்தில் நடந்ததை டாக்டர் அமிர்தலிங்கமே பிறகு மாலை வாங்க வந்தபோது சொன்னார். ரதி அந்தப் படத்தைத் திரையில் போட்டிருக்கிறாள். "இந்த வாரங்களோட வெயில் அளவ கணக்குலேருந்து எடுத்துடுங்க டாக்டர். நான் சொன்ன முடிவும் வேணாம்" என்றிருக்கிறாள். திருத்திக்கொள்ள வழி இருக்குமே என்று ஒருவர் இழுத்திருக்கிறார். "ஒவ்வொரு மழையும் எவ்ளோ கழுவுச்சுன்னு எனக்குத் தெரியாது சார்" என்றாளாம். பொட்டு வைத்தது யார் என்று கேட்டதற்கு, "எங்க வீட்டுல வச்சது. மாட்டுறதுக்கு முன்னாடி கண்ணாடிய நான் பாத்துருக்கணும்" என்று முடித்துவிட்டாள். அம்மா பெயரும் வரவில்லை, ரவிச்சந்திரன் பெயரும் வரவில்லை.

முடிவு போனதும் கப்பலில் இடமும் போயிற்று. புகைக்காகத்தானே கொடுத்தார்கள், வேறொரு நிலையத்து ஆளுக்குப் போய்விட்டது. அந்த ஆளுக்கான கருவியைத் தயார் செய்து கொடுத்ததும் ரதிதான். காலையில் எழுந்ததும் முதல் வேலையாகக் கண்ணாடியைத் துடைக்க வேண்டும் என்று மூன்று தடவை சொல்லி அனுப்பினாள். எனக்கு இருந்த ஆத்திரத்துக்கு நானாக இருந்தால் கருவியை அந்த ஆள் தலையில் போட்டு உடைத்திருப்பேன்.

அம்மாவிடமும் அவள் மறைக்கவில்லை. பஞ்சாலை அத்தை அழுவார் என்று எதிர்பார்த்தோம். அவர் சாமியாடாத குறை.

"யாரு வச்சதுன்னு கேட்டாங்கல்ல? எங்கம்மான்னு சொன்னா வாயில இருக்குற முத்து உதுந்துருமா? நான் செஞ்சத நீ ஏன் தூக்கித் தலையில வச்சிக்கிட்ட?" என்று கத்தினார். பிறகு பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். "ஒரு பொட்ட வச்சு உன் கப்பல கவுத்துட்டேனே."

"கப்பல் நல்லபடியா போயிருச்சுமா. நான்தான் ஏறல" என்றாள் ரதி. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நான்தான் அங்கே நிற்க முடியாமல் வாசலுக்கு வந்துவிட்டேன்.

மறு வருடம் மறுபடியும் சுமத்ராவிலிருந்து புகை வந்தது. அப்போது அந்தக் கப்பல் திரும்பி வருகிற வழியில், நம் நீரிணையிலேயே இருந்தது. புகை கலையும் வரைக்கும், கலைந்த பிறகும் நின்று அளந்தார்கள். அந்த அளவுகள் நிலையத்துக்கு வந்த அன்று மாலை ரதி வீட்டிலிருந்து என்னைக் கூப்பிட்டாள். மூச்சு வாங்கப் பேசினாள்.

"மோகனா, இருக்குடி! வானம் தெளிஞ்ச பெறகும் வெயில் கொறையுது. நான் சொன்னதுல பாதிகூட இல்ல. ஆனா இருக்கு. கடலும் ஆறியிருக்கு."

"உன் பேரப் போடுவாங்களா?"

"எப்படிப் போடுவாங்க? அது அவங்க அளந்தது."

"அப்புறம் எதுக்குடி உனக்கு இவ்ளோ சந்தோசம்?"

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு கைப்பேசி கை மாறியது. பஞ்சாலை அத்தை பேசினார்.

"மோகனா, இவ சிரிச்சிக்கிட்டே அழுவுறா. கப்பல நெனச்சா, இல்ல சந்தோசத்துலயா? கேட்டா சொல்ல மாட்டேங்கிறா."

"ரெண்டும்தான் அத்த" என்றேன். "கொஞ்ச நேரம் அழுவட்டும், விடுங்க."