கோட்டுத் துணியோடு வந்த மாமனார்

எங்கள் புக்கிட் பாஞ்சாங் அடுக்குமாடிப் புளோக்கில் மேல்வீட்டுக்காரருக்குத் துணியைப் பிழிந்து காயப்போடும் பழக்கம் கிடையாது. அவர் மூங்கில் கழியில் போர்வையை மாட்டி நீட்டினால் என் சன்னலுக்கு மழைக்காலம். இன்று காலை பொறுக்க முடியாமல் கைப்பேசியில் ஆங்கிலத்தில் அவருக்கு ஒரு செய்தி அடித்தேன். உங்கள் போர்வை சொட்டுகிறது என்று முடித்து விரலை எடுப்பதற்குள், கைப்பேசி தானாகவே அடுத்த சொல்லை நீட்டியது: ஃபர்தர்மோர்.

வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். யாரிடம் வந்து எதை நீட்டுகிறது! ஒரு காலத்தில் இந்தச் சிங்கப்பூரில் அந்தச் சொல்லை என் அளவுக்குத் தாராளமாகச் செலவழித்தவன் வேறு எவனும் இருந்திருக்க மாட்டான்.

ஈரத்துணி வாடை வந்தாலே எனக்குத் தேக்காவில் இருந்த என் முதல் தையற்கடை நினைவு வந்துவிடும். கம்பளிக் கோட்டின் மேல் ஈரத்துணியை விரித்து இஸ்திரி போட்டால் குப்பென்று ஓர் ஆவி எழும்பும். அந்த ஆவியில்தான் நான் ஆளானேன். பள்ளிக்கூடத்தை மூன்றாம் வகுப்போடு முடித்துக்கொண்டவன், மீசை தடிப்பதற்குள் சொந்தக் கடை போட்டுவிட்டேன். நான் தைத்த கோட்டோடு நீதிமன்றம் போன வக்கீல்கள் தோற்றதில்லை. தோற்றிருந்தால் அது வழக்கின் கோளாறு. பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, உங்களிடம் என்ன மறைப்பது, பெருமைக்காகத்தான்.

அந்தக் கடைக்கு ரவிக்கை தைக்க வந்தவள் பாக்கியம். தஞ்சோங் பகாரில் ஒரு கப்பல் கம்பெனியில் தட்டச்சு வேலை. யாழ்ப்பாணத்துக் குடும்பம்; அப்பா ஓய்வுபெற்ற தலைமைக் குமாஸ்தா. ஒரே ரவிக்கையைத் திரும்பத் திரும்பப் பிடித்துத் தைக்கக் கொண்டுவந்தாள். என் தையலில் குறை இருக்க வாய்ப்பே இல்லை. ஆகவே அவள் வந்தது வேறு எதற்கு என்று நானே புரிந்துகொண்டேன்.

ஒருநாள் அவளே சொன்னாள்: "அப்பாகிட்ட நேர்ல வந்து பொண்ணு கேட்டுறாதீங்க. பேப்பர்ல, இங்கிலீஷ்ல வந்தாத்தான் அவருக்கு அது விஷயம். நாங்க படத்துக்குப் போறதுக்கே வீட்ல லீவ் லெட்டர் குடுக்கணும்."

"நெசமாவா?"

"ஆமா லா. அம்மாவே தங்கச்சி வீட்டுக்குப் போக எழுதித்தான் குடுப்பாங்க. பேங்க் மாப்பிள்ளை ஒருத்தர் போன வாரமே எழுதிட்டாரு. நீங்க இப்படியே பட்டன் தச்சிக்கிட்டு இருங்க."

அன்றே சிராங்கூன் ரோட்டில் ஆங்கிலக் கடிதம் எழுதக் கற்றுக்கொடுக்கும் புத்தகம் ஒன்றை வாங்கினேன். மற்றதெல்லாம் மண்டையில் ஏறவில்லை. நான்கு சொற்கள் மட்டும் பளபளவென்று கண்ணில் பட்டன: ஃபர்தர்மோர், மோர்ஓவர், இன் அடிஷன், பிசைட்ஸ். நான்குக்கும் ஏறக்குறைய ஒரே வேலைதான். அதோடு, மேலும் என்று ஒன்றன்மேல் ஒன்றைச் சேர்ப்பது. எவ்வளவு தூரம் சேர்க்கிறோமோ அவ்வளவு கனம் என்று முடிவுகட்டினேன்.

எனக்குத் தேக்காவில் சொந்தக் கடை இருக்கிறது. ஃபர்தர்மோர், தையல் இயந்திரங்கள் இருக்கின்றன. மோர்ஓவர், பெரிய வக்கீல்களுக்குக் கோட்டு தைக்கிறேன். இன் அடிஷன், நான் குடிப்பதில்லை. பிசைட்ஸ், ஞாயிற்றுக்கிழமை ஒரு பீர். புத்தகத்து வரிகளை ஒட்டுப்போட்டு இப்படியே இரண்டு பக்கம் எழுதினேன். வாசித்துப் பார்த்தபோது எனக்கே என்மேல் மரியாதை வந்தது. தபாலில் போட்டேன்.

அடுத்த வாரம் பாக்கியத்தின் அப்பா கடைக்கே வந்துவிட்டார். ஒரு கையில் குடை, இன்னொரு கையில் என் கடிதம், கக்கத்தில் ஒரு துணிப் பொட்டலம்.

"தம்பி, உம்முடைய விளம்பரம் கிடைச்சது. மகளுக்குக் கலியாணம் பேசுறம். எனக்கொரு கோட்டு தைக்க வேணும்."

பேங்க் மாப்பிள்ளையின் கல்யாணத்துக்கு நான் கோட்டு தைப்பதா! டேப்பை அவர் தோளில் வைத்தேன். அளவு கண்ணில் தெரியவில்லை.

"ஐயா, அது விளம்பரம் இல்லீங்க."

"அப்ப என்ன?" கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடிதத்தைத் தட்டினார். "ஃபர்தர்மோர் எண்டா, முதல் சொன்ன விசயத்துக்கு மேல இன்னொண்டைச் சேர்த்துப் பலப்படுத்துறது. நீர் ரண்டு பக்கத்துக்குச் சேர்த்திருக்கிறீர். எதோட சேர்த்தனீர்? அந்த விசயம் எங்கை?"

மனசுக்குள் கடிதத்தை ஓட்டிப் பார்த்தேன். கடை இருந்தது, இயந்திரம் இருந்தது, வக்கீல் இருந்தார், பீர்கூட இருந்தது. பாக்கியம் இல்லை. பெண் கேட்கவே மறந்திருந்தேன். கோட்டே இல்லாமல் பொத்தான் மட்டும் தைத்து அனுப்பியிருக்கிறேன்!

"ஐயா... உங்க பொண்ணை எனக்குக் கட்டிக் குடுங்க."

அவர் முகத்தில் ஓர் அசைவும் இல்லை. "எழுத்தில தாரும்."

கைக்கு அகப்பட்டது கோட்டு வெட்டும் பழுப்புத்தாளும் தையல் சாக்கட்டியும்தான். உங்கள் மகளை மணக்க விரும்புகிறேன் என்று ஆங்கிலத்தில் ஒரே வரி எழுதி நீட்டினேன். வாங்கிப் படித்தார்.

"ஃபர்தர்மோர்?"

சொல்ல எத்தனையோ இருந்தது. சாக்கட்டியைக் கீழே வைத்தேன். "வேற ஒண்ணும் இல்லீங்க ஐயா."

சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்தார். தாளின் கீழ்மூலையில் அப்ரூவ்ட் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நான்காக மடித்துக்கொண்டார். "மகளும் முந்தநாள் எழுத்தில தந்தவள். அதுவும் ஒரு வரிதான். இப்ப அளவை எடும். கலியாணத்துக்கு முந்திக் கோட்டு வேணும்."

விளம்பரம் என்று அவர் சொன்னது நிஜமா, கிண்டலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டால் எழுத்தில் கேட்கச் சொல்வாரே என்று கேட்காமலே இருந்துவிட்டேன்.

இப்போது அவர் இல்லை. கடை இருந்த இடத்தில் கைப்பேசிக்கு உறை விற்கிறார்கள். அனுமதி கேட்டு எழுதும் வீடும் இல்லை. நான் இன்று அனுப்பிய ஒற்றை வரிக்கு மேல்வீட்டுக்காரர் ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினார், முடிந்தது. போர்வை இன்னும் சொட்டுகிறது.

மாமனார் போன பிறகு அவருடைய கோப்புகளைப் பிரித்தபோது அந்தப் பழுப்புத்தாள் கிடைத்தது. தையல் சாக்கட்டி அழிவதற்கென்றே செய்தது. என் வரி ஓர் எழுத்து மிச்சமில்லாமல் உதிர்ந்துவிட்டது. வெறும் தாளின் மூலையில் அவர் பென்சில் எழுத்து மட்டும் அப்படியே இருந்தது.

பாக்கியம் வாங்கிப் பார்த்தாள். "இனிமே மேல என்ன வேணும்னாலும் எழுதிக்கலாம் லா. அப்பாதான் சைன் பண்ணிட்டாரே."

பேனாவைத் திறந்தேன். அன்று அவரிடம் சொன்ன பதில்தான் இன்றும்: வேறு ஒன்றும் இல்லை. மூடி வைத்தேன்.