நல்லாக் கார் ஓடுவார்

ஒரு கல்யாணத்தைக் கெடுத்தவள் நான். ஊரில் யாருக்கும் இது தெரியாது. கட்டிக்கொள்ள இருந்த அந்த இருவருக்குமே தெரியாது. உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.

பொய் சொல்லிக் கெடுக்கவில்லை. அப்படிச் செய்திருந்தால் எப்போதோ அழுது தௌபா செய்து அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டிருப்பேன். உண்மையைச் சொல்லிக் கெடுத்தேன்... அதனால்தான் இத்தனை நாள் நல்லவள் மாதிரி நடமாட முடிந்தது.

நான் இலங்கையில், கிழக்குக் கரையோர மருதமுனைக்காரி. கல்முனையில் ஒரு பாடசாலையில் நெடுங்காலம் படிப்பித்து ஓய்வு பெற்றவள். பிள்ளைகள் பார்த்து எழுதினால் முதுகைக் காட்டி நின்றபடியே பிடிப்பேன். “டீச்சர்ர கண்ணுக்கு ஒண்டும் தப்பாது” என்பார்கள். அந்தப் பேரில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது, அதை மறைப்பானேன்! மாப்பிள்ளை விசாரிக்கிறவர்கள் முதலில் என் வாசலுக்குத்தான் வருவார்கள்.

என் மகன் ஜப்பானில் பழைய வாகனங்கள் ஏற்றுமதி செய்யும் ஓரிடத்தில் வேலை பார்க்கிறான். போன வருடம் என்னையும் அவன் வாப்பாவையும் அழைத்தான். அந்தப் பட்டணத்து நெரிசல் எனக்கு ஒத்துவரவில்லை. மலைக்கிராமங்களைப் பார்க்க வேண்டும் என்றேன். அவனுக்கோ லீவு இல்லை.

“நஸீர்ர வேனில போங்க உம்மா. தனி வாகனம், நம்மட ஆள். ஆசப்பட்ட இடத்தில நிண்டு பாத்திட்டு வரலாம்” என்றான்.

நஸீர் சாய்ந்தமருதைச் சேர்ந்தவன். சுனாமியில் உம்மாவையும் வாப்பாவையும் இழந்து மாமா வீட்டில் வளர்ந்தவன். ஜப்பானுக்குப் படிக்கப் போய், பயணிகளைத் தனி வாகனத்தில் மலைப்பக்கம் கூட்டிச் செல்லும் தொழிலில் நின்றுவிட்டான். மரியாதையான பிள்ளை. கதவைத் திறந்துவிட்டான், என் முதுகுக்குத் தலையணை வைத்தான்... அந்த மரியாதைதான் எனக்கு முதலில் இடறியது! இவ்வளவு பணிவு எதற்கு? எதை மூட?

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். எனக்குச் சந்தேகம் இப்படித்தான் வரும், காரணம் பிறகு வந்து சேர்ந்துகொள்ளும்.

என் கணவர் வாகனம் ஏறியதும் உறங்குகிற மனிதர். நான்தான் விழித்திருந்து பார்த்தேன். மலை, சுரங்கம், மறுபடியும் மலை. பனி தங்காமல் வழுக்கி விழுவதற்காக அவ்வளவு செங்குத்தாக வேய்ந்த வைக்கோல் கூரைகள். படிப்படியாக இறங்கும் வயல்கள். நாங்கள் நெல்லைத் தார் ரோட்டில் பரப்பிக் காயவைப்போம். அவர்கள் கதிரோடு கழியில் தலைகீழாகத் தொங்கவிட்டிருந்தார்கள். பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. ஆளே இல்லாத ஒரு தெருவில் குளிர்பானம் விற்கும் இயந்திரம் மட்டும் வெளிச்சத்தோடு நின்றது.

அழகுதான். ஆனால் என் கண் எங்கே போனது தெரியுமா? இருக்கைக்குக் கீழே கிடந்த ஒரு சின்னச் சிவப்புச் சப்பாத்துக்கு!

கல்யாணம் கட்டாத பையனின் வேனில் பிள்ளையின் சப்பாத்து ஏன்? எந்தப் பயணியின் பிள்ளையோ விட்டுப் போயிருக்கும் என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்... அடுத்த வளைவு வரைக்கும். அப்போது அவனுக்கு ஃபோன் வந்தது. பெண் குரல். அவன் தாழ்ந்த குரலில் ஜப்பான் மொழியில் கதைத்தான். அவள் சிரித்தாள், அவனும் சிரித்தான். பிறகு ஒரு கடையில் இறங்கிப் பால் பெட்டியும் பிஸ்கட்டும் வாங்கி வந்து முன் இருக்கையில் வைத்தான். எங்களுக்கு நீட்டவில்லை.

ளுஹர்த் தொழுகைக்கு ஓர் இடத்தில் நிறுத்தினான். “நீங்க தொழுங்க டீச்சர், நான் வாகனத்தப் பாத்துக்கிறன்” என்றான். அவன் தொழுதானா? நான் காணவில்லை. நான் காணாதது நடக்கவில்லை என்றே எடுத்துக்கொள்வது என் பழக்கம்.

பின்னேரம் ஒரு கிராமத்தின் கடைசி வீட்டின் முன்னால் வேன் நின்றது.

“டீச்சர், இஞ்ச ஒரு கிழவி இரிக்கா. வயசான ஆள். ஒருக்கா எட்டிப் பாத்திட்டுப் போவம். இறங்கி வாங்க, தேத்தண்ணி தருவா. நீங்க வாறீங்கெண்டு சொல்லியும் வெச்சிரிக்கன்.”

கிழவியா! ஃபோனில் சிரித்தது கிழவியின் குரலா?

“வேணாம் மகன். அவங்கட கேத்தல்ல என்னென்ன காச்சினாங்களோ... நாங்க இதுக்குள்ளேயே இரிக்கம்.”

“பச்சத் தண்ணிதான் டீச்சர் கொதிக்கும்” என்று சிரித்துக்கொண்டே இறங்கிப் போனான்.

இந்த இடத்தைக் கவனமாகக் கேளுங்கள். அவன் என்னைக் கூப்பிட்டான்! கதவைத் திறந்து, வந்து பாருங்கள் என்றான். எல்லாவற்றையும் துருவிப் பார்க்கும் நான், அன்றைக்கு மட்டும் கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே இருந்தேன். ஏன்? அசூசையா? இல்லை... இறங்கிப் பார்த்தால் என் சந்தேகம் செத்துப் போய்விடும் என்ற பயமா?

வாசலில் இருந்து ஒரு சிறுமி ஓடி வந்தாள். அவன் காலைக் கட்டிக்கொண்டு என்னவோ சொல்லிக் கத்தினாள்.

மகன் எனக்கு நாலைந்து ஜப்பான் சொற்கள் பழக்கியிருந்தான். அவற்றில் மனத்தில் நின்றது ஒன்றுதான். ஓத்தோசான்... அதாவது வாப்பா. மூடிய கண்ணாடிக்குள் எனக்குக் கேட்டது முன்னால் ஓர் ‘ஓ’, பின்னால் ஒரு ‘சான்’. நடுவில் இருந்ததை நானே போட்டு நிரப்பிக்கொண்டேன்.

திரும்பி வந்தவன் தொங்கவிட்டு உலர்த்திய ஏதோவொரு பழத்தைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்து, “கிழவி டீச்சருக்குத் தந்த” என்று நீட்டினான். வாங்கிக்கொண்டேன். மகன் வீட்டுக்கு வந்ததும் குப்பையில் போட்டேன். வழி நெடுக நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எனக்குத்தான் எல்லாம் தெரியுமே!

ஊருக்கு வந்து சில மாதங்களில் ஹாஜரா வந்தாள். என் பின் வளவுக்காரி, வேலிக்கு அந்தப் பக்கம் வீடு. அவள் மகள் றிபானா என்னிடம் படித்தவள், வாய் திறந்து தனக்கென்று எதையும் கேட்டறியாத பிள்ளை. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கட்டுகிறவர் அவள் வீட்டுக்கு வந்து வாழ்வார். றிபானாவுக்கு வீடும் கட்டி முடித்தாயிற்று. வந்து ஏறப் போகிறவன் யார் என்பதுதான் பாக்கி. நஸீரின் பேச்சு வந்திருந்தது. ஃபோட்டோ பார்த்து, இரண்டு தரம் ஃபோனில் கதைத்து, பிள்ளைக்கு அவனைப் பிடித்தும் போயிற்று.

“உம்மா, வாப்பா இல்லாத புள்ள டீச்சர். ஆரிட்டப் போய் விசாரிக்க? மாமாவும் கத்தார்ல. நீங்கதான் அவர்ர வாகனத்தில போய் வந்த ஆள். ஆள் எப்பிடி?”

எங்கள் ஊரில் மாப்பிள்ளை விசாரித்தால் யாரும் குறை சொல்வதில்லை. பாவம் அல்லவா! நல்லவன் என்றால், “கண்ண மூடிட்டுக் குடுங்க” என்போம். இல்லையென்றால் அவனிடம் உள்ள ஏதாவது ஒரு நல்லதை, கல்யாணத்துக்குச் சம்பந்தமில்லாத ஒன்றை எடுத்துச் சொல்வோம். நல்ல உயரம் என்போம். பந்து நல்லா அடிப்பார் என்போம். கேட்டவர் புரிந்துகொண்டு தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பிவிடுவார்.

நான் சொன்னேன்: “நல்லாக் கார் ஓடுவார்.”

ஹாஜரா என்னையே பார்த்தாள். “வேற...?”

“வேற என்ன, நல்லாக் கார் ஓடுவார்.”

அவள் தேத்தண்ணியில் பாதியை வைத்துவிட்டு எழும்பினாள்.

கண்டதை ஏன் விவரமாகச் சொல்லவில்லை? சொன்னால், “நீங்க இறங்கிப் பாக்கல்லயா டீச்சர்?” என்று ஒரு கேள்வி வந்திருக்கும்.

பேச்சு நின்றது. ஏனென்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. ஒரு நாள் எனக்கே ஃபோன் எடுத்தான்.

“டீச்சர், எனக்கெண்டு கதைக்க ஊரில ஆள் இல்ல. என்னில என்ன பிழையெண்டு விளங்கல்ல. நீங்க சொன்னா ஹாஜரா உம்மா கேப்பாங்க. ஒருக்காக் கதைச்சுப் பாருங்களன்.”

“பாப்பம் மகன்” என்றேன். அவன் நல்லாத்தான் நடிக்கிறான் என்று கூட நினைத்தேன்... அல்லாஹ்வே!

பெருநாளுக்கு என் மகன் ஊருக்கு வந்தான். சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்.

“நஸீர் உங்களக் கூட்டிப்போன வீட்டுக் கிழவி செத்துட்டாவாம் உம்மா. அந்த ஊருக்கு பஸ் நிண்டு போய்ச்சி. அந்தப் பக்கம் போற நேரமெல்லாம் இவன்தான் மருந்து, பாலெல்லாம் கொண்டு குடுக்கிற. பேத்திக்கு வாப்பா இல்ல, தாய்க்காரி தூரத்தில வேல. பேத்திய டொக்டரிட்ட ஏத்திப் போறதும் இவன்தான். அது இவன ஓஜிசான், ஓஜிசானெண்டு விடாது.”

சோற்றை விட்டுவிட்டுக் கேட்டேன்.

“ஓஜிசானெண்டா?”

“மாமா, சாச்சா மாதிரி. அந்தக் கிழவிய ஃபோனில கேட்டா குமரிர குரல் எண்டுதான் நினைப்பீங்க! ஏன், நீங்க போய்க் கதைக்கல்லயா?”

“நேரமில்ல” என்றேன்.

அன்றே பின் வளவுக்குப் போயிருக்கலாம். ஐம்பது அடி இருக்காது. ஹாஜரா, நான் பிழை விட்டிட்டன் என்றால் முடிந்துவிடும். ஆனால் அதற்குப் பிறகு என் வாசலுக்கு யார் வருவார்? நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். றிபானா வேலியோரம் உடுப்புக் காயப்போட வரும்போதெல்லாம் ஜன்னலைச் சாத்தினேன்.

தள்ளித் தள்ளி என்ன ஆயிற்று கேளுங்கள்! நஸீர் அந்தச் சிறுமியின் தாயைக் கட்டப் போகிறானாம். அவள் கலிமாச் சொல்லி இஸ்லாத்துக்கு வந்துவிட்டாளாம். கிழவியின் சாவு வீட்டில்தான் அவளை முதன்முதலில் கண்டான் என்று மகன் அடித்துச் சொல்கிறான். அப்படித்தானா? முன்பே இருந்திருக்கக் கூடாதா? கூட்டாளிக்காக என் மகன் மறைக்கக் கூடாதா?... பாருங்கள், இன்னமும் தோண்டுகிறேன்! அவன் அன்றைக்கே கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு நிம்மதி. பெற்ற பிள்ளையைப் பொய்யனாக்கியாவது அந்த நிம்மதியை அடையப் பார்க்கிறேன்.

செய்தி ஊருக்கு எட்டியது. பாதி நறுக்குண்டு, ஜப்பான்காரியும் ஒரு பிள்ளையும் என்று மட்டும் எட்டியது. “டீச்சர் அப்பவே பிடிச்சிட்டா!” என்று ஊர் மெச்சியது.

நேற்று அஸர்த் தொழுகைக்குப் பிறகு ஹாஜரா ஒரு கிண்ணம் நிறைய வட்டிலப்பத்தோடு வந்தாள். பின்னால் றிபானா.

“நீங்க மட்டும் அண்டைக்கு அந்தச் சொல்லச் சொல்லாட்டி, எங்கட புள்ளட கதி என்ன டீச்சர்!” ஹாஜரா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் கையை இழுக்கவில்லை. பிறகு அவள் என் கணவரிடம் சுகம் விசாரிக்க உள்ளே போனாள்.

றிபானா மட்டும் நின்றாள். என்னிடம் படித்த காலத்தில் கூடக் கேள்வி கேட்காத பிள்ளை, கேட்டாள்.

“டீச்சர்... நீங்க போன நேரமே அவருக்கு அந்தக் குடும்பம் இருந்ததா? உங்கட கண்ணால கண்டீங்களா?”

விளங்குகிறதா உங்களுக்கு? ஊரே ஏசிய போதும் இந்தப் பிள்ளை அவனைப் பற்றி ஒரு நல்ல நினைப்பை உள்ளே வைத்திருந்திருக்கிறாள். அதை வைத்திருப்பதா, விடுவதா என்றுதான் என்னிடம் கேட்டாள். ஒரு சொல் போதும், இல்லை என்ற ஒரே சொல்!

“ஓம் மகள்” என்றேன். “கண்டன்.”

அவள் தலையாட்டினாள். “அப்ப நான் நினச்சதெல்லாம் பிழை” என்று மெதுவாகச் சொன்னாள். எனக்கு நன்றி சொல்லிவிட்டுத் தாயோடு போனாள்.

அந்தக் கிண்ணம் என் குசினியில் கழுவிக் கவிழ்த்தபடி இருக்கிறது. பண்டம் வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பது எங்களிடம் வழக்கம் இல்லை. என்ன போட்டுக் கொடுப்பது என்று காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.